ஆறு அம்பு, ஆறு பொட்டு

ஐம்பத்தாறாவது வயதில் காட்டூர் பிச்சமுத்து வீரனாகிவிடுவது என்று முடிவெடுத்தார். காரணம் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் மனைவி அனுசுயா ஒட்டடைக் கம்பையும் ஈரத்துணியையும் அவர் கையில் கொடுப்பாள். தப்பிக்க ஓர் ஆயுதம் வேண்டியிருந்தது. வில்லை எடுத்தார்.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையோரத் திடல் ஒன்றில் சுபஸ்ரீ என்ற பெண் வில்வித்தை சொல்லிக்கொடுத்தாள். வகுப்பு ஏழிலிருந்து எட்டரை வரை. பிச்சமுத்து வீடு திரும்பியதோ மதியம் ஒரு மணிக்கு.

"ஆறு மணி நேரமாவா அம்பு விடுறீங்க?"

"விடுறது கொஞ்ச நேரந்தான் அனு. மிச்சமெல்லாம் சோதனை. நாண் நைஞ்சிருக்கா, வில்லு திருகியிருக்கான்னு பாக்கணும். ஒவ்வொரு அம்பையும் பஞ்சால துடைக்கணும். கீறல் இருந்தா பஞ்சு மாட்டும். கீறல் விட்ட அம்பு விடுறப்பவே உடைஞ்சு கையில ஏறிடும். உயிர் விஷயம்!"

"ஆறு அம்புக்கா இத்தனை நேரம்?"

"அவசரப்பட்டா ஆபத்து."

சொன்னது அத்தனையும் உண்மை. சுபஸ்ரீ முதல் நாளே சொன்னதுதான். வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள் என்றும் சொல்லியிருந்தாள். இவர் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது மட்டுமே குறை. சோதனை நேரத்தை நெய்ப்பொங்கலுக்கும், பிறகு அம்மா மண்டபப் படித்துறைக்கும் பங்கு போட்டிருந்தார். காவிரி யாருக்கும் வேலை சொல்லாத நதி.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை, தையல் மிஷின், ஸ்கூட்டர் வரிசையில் ஆறு அம்புகளுக்கும் அனுசுயா சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தாள். பிச்சமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்று ஞாயிறுகள் போயின. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அவர் உள்ளே நுழைந்தபோது, அனுசுயா பாய் விரித்து அம்புகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். கையில் பஞ்சு.

"என்ன பண்றே?"

"நாளைக்கு உங்களுக்குச் சிரமம் வேணாமேன்னு நானே பாத்து வைக்கிறேன்."

"அதுக்கெல்லாம் பயிற்சி வேணும்மா."

"துடைக்கிறதுக்கா? எனக்கா?"

காந்தி மார்க்கெட்டில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தே முற்றலை ஒதுக்கும் விரல்கள் அவை. ஐந்து அம்புகள் தேறின. ஆறாவதில் பஞ்சு மாட்டியது. மயிரிழைக் கீறல். பிச்சமுத்துவுக்கு உள்ளங்கை கூசியது. போன வாரம் அதையும் விட்டிருந்தார்.

அனுசுயா பஞ்சைத் தூக்கிக் காட்டினாள். செக்கச்செவேல் என்றிருந்தது.

"ஏங்க, மூணு வாரமா துடைச்சீங்களே. ஆறு பொட்டும் இப்பத்தானே பஞ்சுல வருது?"

துடைக்கவில்லை என்றால் ஞாயிறு போயிற்று. துடைத்தேன் என்றால் பொட்டு சிரிக்கும். கெட்டிக்காரனுக்குப் பொய் நிதானமாக வரும். இவருக்கு உடனே வந்தது.

"கண்ணுதான் அனு, கொஞ்ச நாளா மங்கல். பஞ்சு எங்க படுதுன்னே தெரியல."

"இவ்வளவு பெரிய சிவப்புப் பொட்டுமா?"

"சுத்தமா தெரியல."

"ஐயோ, சொல்லவே இல்லையே!" பதறியபடியே சுபஸ்ரீயைப் போனில் பிடித்தாள். பதற்றம் எங்கும் பிசிறடிக்கவில்லை. ஸ்பீக்கரில் சுபஸ்ரீயின் குரல் கணீரென்று கேட்டது.

"பார்வை சரியில்லாதவரு வில்லைத் தொடவே கூடாதும்மா. நாலு பேரு நிக்கிற இடம். டாக்டர் சீட்டு இல்லாம உள்ள விட மாட்டேன்."

டாக்டரிடம் போனால் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிச்சமுத்துவுக்கு அதுதான் பயம். ஆனாலும் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"அப்ப ஒட்டடை, ஃபேன் துடைக்கிறது..."

"சேச்சே! கண்ணு தெரியாம ஸ்டூல்ல ஏறி விழுந்து வச்சீங்கன்னா?"

வில் போனால் போகட்டும், ஞாயிறு பிழைத்தது. மறுநாள் காலை பிச்சமுத்து கண்களைப் பாதி மூடி, நாற்காலியில் மன்னர் போலச் சாய்ந்தார்.

துறையூரிலிருந்து தம்பி அனுப்பியிருந்த சின்ன வெங்காய மூட்டையை அனுசுயா தரதரவென்று இழுத்துவந்து அவர் காலடியில் சாய்த்தாள்.

"இதை உரிக்கக் கண்ணு வேணாங்க."