கிளாசிக் லோரியும் கீழ் லயத்து முள்ளங்கியும்

லோரி கதவு சரியா மூட மாட்டேங்குது. அதைச் சரி பண்ணணும். எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். நான் மலேசியாவுல, கேமரன் மலையில, கம்போங் ராஜா பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுல குடியிருக்கேன். எங்களுக்குக் கீழ இருக்குற லயத்துல, அதான் தொழிலாளிங்க வரிசை வீட்டுல, பதினோரு வீட்டுக்காரங்க பின்பக்கம் காய் போட்டிருக்காங்க. முள்ளங்கி, கோபிஸ்னு சொல்ற முட்டைக்கோசு, கீரை. தெனம் காலையில அதையெல்லாம் என் லோரியில ஏத்திக்கிட்டுப் போய், கோலா தெர்லாவுல காய மொத்தமா வாங்குற ஒரு சீனத் தவுக்கேகிட்ட இறக்கணும். அவரோட பெரிய லோரி எட்டு மணிக்கு மலை இறங்கிடும். அதுக்குள்ள போய்ச் சேந்தா காய்க்குக் காசு. சேரலன்னா ஆட்டுக்குத் தீனி.

என் லோரி எஸ்டேட்டு கழிச்சுவிட்டது. என்னவிட அதுக்கு வயசு ஜாஸ்தி. கதவக் கயிறு போட்டுக் கட்டித்தான் ஓட்டுவேன். "ஒரு நாளு வளைவுல கதவு ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க"ன்னு என் வீட்டுக்காரி விமலா சொல்லிக்கிட்டே இருந்தா.

கம்போங் ராஜாவுல மணியம்னு ஒரு மெக்கானிக் இருக்கான். என்கூடப் படிச்சவன். அவன்கிட்ட விட்டிருந்தா அரை மணி நேரத்துல கதவு மூடியிருக்கும்.

ஆனா எனக்குத்தான் அறிவு அதிகமாச்சே. நான் போன்ல வீடியோ பாத்தேன்.

ஈப்போவுல ஒரு கடை. பழைய லோரிய முழுசா கழட்டி, புதுசா செஞ்சு, கிளாசிக்னு பேர் வச்சுக் குடுக்குறாங்க. பாத்ததுமே எனக்குள்ள ஏதோ ஆயிடுச்சு. கியா பார்ம் பக்கம் போறப்ப டூரிஸ்ட்டுங்க என் லோரிய போட்டோ புடிப்பாங்க. அழகா இருக்குன்னு புடிச்சாங்களா, பரிதாபப்பட்டுப் புடிச்சாங்களான்னு கேட்டதில்ல. நானா அழகுன்னு எடுத்துக்கிட்டேன்.

கதவுக்கு நேரா மணியம்கிட்ட போக வேண்டியவன், மலை இறங்கி ஈப்போ போனேன்.

கடைக்குள்ள எண்ணெய்க் கறையே இல்ல. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். முதலாளி பேரு ரூபன், சின்ன வயசு, வெள்ளச் சட்டை. காப்பி குடுத்து உக்கார வச்சு, ஒரு ஃபாரத்த எடுத்தான்.

"அண்ணே, உங்க விஷன் என்ன?"

"கதவு மூடணும்."

அதை அப்படியே எழுதிக்கிட்டான். "அப்புறம்?"

"மேடு ஏறணும்."

"எமோஷனலா இந்த வண்டிகிட்ட என்ன எதிர்பாக்குறீங்க?"

காலையில ஸ்டார்ட் ஆவுறதத் தவிர நான் அதுகிட்ட வேற எதையும் எதிர்பாத்ததில்ல.

ரூபன் எந்திரிச்சுப் போய் லோரிய ஒரு சுத்து சுத்தி வந்தான். தொட்டுப் பாத்தான், பெருமூச்சு விட்டான். "இது லோரி இல்லண்ணே. இது லெகஸி."

பத்து வருஷமா லெகஸியில கோபிஸ் ஏத்தியிருக்கேன். யாரும் என்கிட்ட சொல்லல.

"ஆனா இந்தச் சத்தம் இருக்கு பாருங்க, இது அவமானம். எங்க கடையிலேர்ந்து போற எந்த வண்டியும் இப்படிக் கத்தாது. எஞ்சினே மாத்திடுறோம். புகைக்குழாயும் புதுசு. நீங்க உள்ள உக்காந்தா உங்க மூச்சுச் சத்தம்தான் கேக்கும்."

என் மூச்ச கேக்குறதுக்காக நான் தலையாட்டிட்டு வந்தேன்.

விமலா எல்லாத்தையும் கேட்டா. "கதவுக்குத்தான போனீங்க?"

"கதவும் உண்டு."

"கதவோட சேத்து வேற என்னென்ன உண்டு?"

சொன்னேன். அவ ஒண்ணும் பேசாம சோறு போட்டா. பேசாம போடுற சோறு எப்படி இருக்கும்னு கல்யாணம் ஆனவங்களுக்குத் தெரியும். மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு இங்க எழுத மாட்டேன். இதை அவளும் படிக்கிறா.

ஆறு வாரம்னு சொன்னான், நாலு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் தாப்பாவுல இருக்குற என் சித்தப்பா மகனோட லோரிய இரவல் வாங்கி ஓட்டினேன். அது என்னுதவிட மோசமாக் கத்தும். வேலைக்கு ஒரு குறையும் இல்ல.

கடைசியில போன் வந்துச்சு. போனேன். ஒரு துணிய போட்டு மூடி வச்சிருந்தான். ரெண்டு பேரு ரெண்டு பக்கம் நின்னு துணிய இழுத்தாங்க.

பொய் சொல்லக்கூடாது, அழகாத்தான் இருந்துச்சு. பச்சையும் வெள்ளையுமா பெயிண்ட். பின்னால பலகையெல்லாம் பாலிஷ் போட்டு, முகம் தெரியுது. கதவ லேசாத் தொட்டேன், தானா போய் மூடிக்கிச்சு.

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே."

சாவிய திருப்பினேன். ஒண்ணும் கேக்கல. இன்னொரு தடவ திருப்பினேன். கரகரன்னு ஒரு சத்தம். ரூபன் பதறிக்கிட்டு ஓடி வந்தான்.

"அண்ணே, ஓடிக்கிட்டு இருக்கு. ஓடுற வண்டிய மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க."

எஸ்டேட்டுக்கு வந்து சேந்தேன். வீட்டு முன்னால நிறுத்திட்டு, விமலா வெளிய வந்து மயங்கி விழட்டும்னு உக்காந்திருந்தேன். பத்து நிமிசம் ஆச்சு. ஒரு ஈ காக்கா வரல. அப்புறம் போன் வந்துச்சு.

"இருட்டப் போவுது, எங்க இருக்கீங்க?"

"வாசல்ல."

"எந்த வாசல்ல?"

அப்பவாவது எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

மறுநாளு காலையில ஆறே காலுக்கு கிளம்பினேன். நல்ல பனி, எதிர்ல ஒண்ணும் தெரியல. எப்பவும் நான் கோயில் வளைவு இறங்கி, பாலம் தாண்டி, கீழ் லயத்துக்குப் போறப்ப ரோட்டோரமா சாக்கெல்லாம் வரிசையா நிக்கும். ஆளுங்களும் நிப்பாங்க. நம்ம மேல எவ்வளவு மரியாதை பாருன்னு நான் தெனம் நினைச்சுக்குவேன்.

அன்னைக்கு பாலத்துலயே நின்னுட்டேன். நடு ரோட்டுல ஒரு நாய் படுத்திருந்துச்சு. எப்பவும் அங்கதான் படுக்கும், நான் வளைவு திரும்புறப்பவே எந்திரிச்சுப் போயிடும். இப்ப விளக்கு மூஞ்சியில அடிச்சும் அசையல. நான் இறங்கி, தட்டி எழுப்பி, ஓரமா அனுப்பிட்டு வந்தேன்.

கீழ் லயத்துல சாக்கும் இல்ல, ஆளும் இல்ல. ஹார்ன் அடிச்சேன். ரூபன் அதுக்கும் கிளாசிக் ஹார்ன் போட்டிருந்தான். பீப் பீப்னு ரொம்ப மரியாதையா ஒரு சத்தம்.

உடனே நாலு கதவு திறந்துச்சு. முதல் ஆளா எஸ்தர் அக்கா, கையில சில்லறையும் தட்டுமா வந்தாங்க. அவங்க தேயிலை பறிக்கிறவங்க. லயத்துலயே நல்ல முள்ளங்கி அவங்களுதுதான்.

"ரெண்டு காயா ரொட்டி குடுப்பா."

"அக்கா, நான்க்கா."

கிட்ட வந்து உத்துப் பாத்தாங்க. "அட, தம்பியா? மோட்டார் சைக்கிள்ல பீப் பீப்னு ரொட்டி கொண்டாருவானே, அவன்னு நினைச்சேன். வண்டி ஜோரா இருக்கே."

"சாக்கு எங்கக்கா?"

"நீ இன்னும் வரலியேப்பா."

"வந்துதான நிக்கிறேன்."

"சத்தம் வரலியே."

அப்பதான் அக்கா விளக்கமா சொன்னாங்க. என் லோரி கோயில் வளைவுல கத்துனா அவங்க முள்ளங்கி கழுவ ஆரம்பிப்பாங்களாம். பாலத்துல டமடமன்னா சாக்கு வாய கட்டுவாங்களாம். லயத்து மேட்டுல ரெண்டு தடவ இருமுனா வாசலுக்கு வந்துடுவாங்களாம். லயம் பூரா இதே கணக்குதான். பத்து வருஷமா நான் மரியாதைன்னு நினைச்சது, ஓட்டை விழுந்த புகைக்குழாய்.

"வீட்ல கடிகாரம் இல்லயாக்கா?"

"இருக்கு. பேட்டரி போய் ரொம்ப வருஷமாச்சு. நீதான் வர்றியே, எதுக்கு மாத்தணும்?"

எல்லாத்தையும் ஏத்தி கோலா தெர்லா போறப்ப எட்டு இருபது. தவுக்கே லோரிய நிறுத்தி வச்சிருந்தார். என் புது வண்டிய பாக்கவே இல்ல, கைக்கடிகாரத்த மட்டும் பாத்தார்.

அன்னைக்கு எஸ்டேட்டுலயும் காலைப் பெரட்டுக்கு, என் லோரி சத்தத்த நம்பிக் கிளம்புற ஏழு பேரு லேட்டு. பேர் கூப்பிடுறப்ப ஆள் இல்ல. சாயங்காலம் கங்காணி என் வீட்டுக்கே வந்துட்டார்.

"ஏன்யா, நீ ஒருத்தன் வண்டி செஞ்சதுக்கு எனக்கு ஏன்யா ஆள் வரல?"

"மன்னிச்சுக்குங்க, சத்தம் குறைஞ்சு போச்சு."

"உன்ன யாரு குறைக்கச் சொன்னா?"

எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மறுநாளு ஆளாளுக்கு போன்ல அலாரம் வச்சாங்க. பதினோரு போன், பதினோரு நேரம். ஒரு வீட்ல கீரைய அஞ்சு மணிக்கே அறுத்து வாட விட்டாங்க. இன்னொரு வீட்ல நான் போய் கதவ தட்டுறப்பதான் கத்திய தேடுறாங்க. விமலா வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு திறந்து "லோரி கெளம்பிருச்சு"ன்னு போட்டா. பதிலுக்கு ஆறு பேரு பூ படம் போட்டு காலை வணக்கம் சொன்னாங்க. சாக்கு எதுவும் வரல.

வீடு வீடா இறங்கி, பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏத்தினேன். கோலா தெர்லா போனா எட்டே முக்கால். தவுக்கேயோட லோரி போயிடுச்சு.

தவுக்கே மட்டும் நாற்காலியில உக்காந்திருந்தார். "பெசோக் லம்பாட் லாகி, தாக் பாயா டத்தாங் லா" அப்படின்னு மலாய்ல சொன்னார். நாளைக்கும் லேட்டுன்னா வரவே வேணாமாம். காய் கொண்டார கம்போங் ராஜாவுல வேற ஆள் இருக்காம்.

பதினோரு வீட்டுச் சாக்கையும் திருப்பி ஏத்திக்கிட்டு வந்தேன். பாலிஷ் போட்ட பலகையில வாடுன கீரை. எஸ்தர் அக்கா மலையிலேர்ந்து இறங்கி வர்ற வரைக்கும் காத்திருந்து முள்ளங்கிய குடுத்தேன். அக்காவோட மக தஞ்சோங் மாலிம்ல படிக்குது. அந்தப் புள்ளைக்கு வாராவாரம் போறது இந்த முள்ளங்கிக் காசுதான்.

"பரவால்லப்பா"ன்னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். எனக்கு வெக்கமா இருந்துச்சு. எனக்கு ஆசை வந்ததுக்கு அவங்க முள்ளங்கி வாடி நிக்குது.

ரூபனுக்கு போன் போட்டேன்.

"தம்பி, சத்தம் வேணும்."

"என்னண்ணே சொல்றீங்க? அந்தச் சத்தத்த எடுக்க ரெண்டு மாசம் உழைச்சோம்."

"தெரியும். திருப்பிப் போட்டுடு."

"அது தனி பேக்கேஜ் வரும்ணே. முதல்ல உங்களுக்கு எந்த மாதிரி சத்தம் வேணும்னு உக்காந்து பேசணும். ஆறு வாரம் வெயிட்டிங்."

அவனோட ஆறு வாரம் எனக்குத் தெரியும். வண்டிய எடுத்துக்கிட்டு நேரா மணியம்கிட்ட போனேன்.

மணியம் லோரிய பாத்தான், என்னையும் பாத்தான். "என்னடா, சாமி ஊர்வலமா?"

"புகைக்குழாயில ஓட்டை போடணும்டா."

ஸ்பேனர கீழ வச்சான். "பத்து வருஷமா நான் அடைக்கிறேன்னு சொன்னேன். வேணாம் வேணாம்னு ஓடுன. இப்ப புதுக் குழாயில ஓட்டையா?"

"போடுறியா, இல்லயா?"

"எத்தன வேணும்?"

அது எனக்கும் தெரியல. எஸ்தர் அக்காவுக்கு போன் போட்டு, லைன்லயே இருக்கச் சொன்னேன். மணியம் ஒரு ஓட்டை போட்டான். நான் எஞ்சின முறுக்கினேன்.

"இது வேற யாரோப்பா"ன்னாங்க அக்கா.

ரெண்டாவது ஓட்டை.

"கிட்ட வந்துருச்சு. ஆனா வயிறு சரியில்லாத மாதிரி இருக்கு."

மூணாவது ஓட்டைய பெருசாவே போட்டான். பக்கத்துக் கடையில சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க எந்திரிச்சு வந்துட்டாங்க. அக்காவுக்கு இன்னும் திருப்தி இல்ல. "பாலத்துல டமடமன்னுமே, அது எங்க?" பின்கதவு திருகாணி ரெண்ட மணியம் லூசாக்கிட்டு, கையால ஆட்டிக் காட்டினான். ரூபன் அந்த ஆணிய முறுக்குறதுக்கே தனியா ஒரு கருவி வச்சிருந்தான்.

நான் மறுபடி எஞ்சின முறுக்கினேன். அந்தப் பக்கம் அக்கா குரல் மாறிடுச்சு.

"ஆங், வந்துட்ட வந்துட்ட. இரு, சாக்கு வாய கட்டுறேன்."

"அக்கா, மணி சாயங்காலம் அஞ்சு."

"அட, ஆமால்ல."

இருமல் மட்டும் வரல. புது எஞ்சினுக்கு இருமத் தெரியாதாம். கொஞ்ச நாள் போகட்டும், எங்க மலையில தானா கத்துக்கும்னு மணியம் சொன்னான்.

மூணாவது நாளு. ஆறே கால். சாவிய திருப்பினதும் விமலா போர்வைய தலையோட இழுத்துக்கிட்டா. கோயில் வளைவுல லோரி கத்துச்சு பாருங்க, கீழ் லயத்துல ஒவ்வொரு விளக்கா எரிய ஆரம்பிச்சுது. பாலத்துக்குப் போறதுக்குள்ள நாய் எந்திரிச்சு ஓரமாப் போயிடுச்சு. பதினோரு வீட்டுச் சாக்கும் ரோட்டோரமா நிக்குது. எஸ்தர் அக்கா முள்ளங்கியில தண்ணி சொட்டிக்கிட்டு இருக்கு. நான் கண்ணத் தொடச்சுக்கிட்டேன். புகைன்னு சொல்லிச் சமாளிச்சேன். புகையும் இருந்துச்சு.

கோலா தெர்லாவுல ஏழு அம்பதுக்கு எல்லாச் சாக்கையும் இறக்கியாச்சு. தவுக்கேயோட லோரி எட்டு மணிக்கு, எங்க காயோட கிளம்பிப் போச்சு.

தவுக்கேக்கு அப்பதான் என் வண்டிய பாக்க மனசு வந்துச்சு. பெயிண்ட தடவினார், பலகைய தட்டினார், குனிஞ்சு குழாய பாத்தார். ரொம்ப வருத்தமா தலைய ஆட்டினார்.

"லோரி அழகு. ஆனா இவ்ளோ சத்தம் கூடாது லா. ஈப்போல ஒரு நல்ல கடை இருக்கு, சத்தமே இல்லாம செஞ்சு குடுப்பான். நம்பர் வேணுமா?"

"வேணாம் தவுக்கே, இருக்கு"ன்னேன்.