அழுங்கு எடுத்த உச்சிவெயில் பேய்ப்படம்

ஒரு காட்டில், பயப்படுவதையே முழுநேரத் தொழிலாக வைத்திருந்த அழுங்கு ஒன்று இருந்தது. அழுங்கு தெரியுமில்லையா? உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரி செதில், எறும்புதான் சாப்பாடு, பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுவிடும். இதன் பெயர் சுருளாண்டி. சருகு விழுந்தால் சுருளும். தன் சொந்தத் தும்மலுக்கே சுருளும். சரி, இனிமேல் 'அவர்' என்றே சொல்வோம். டைரக்டர் ஆகப்போகிறவரை அது இது என்று சொல்லி நமக்கெதற்கு வம்பு?

சுருளாண்டி ஆறு வருஷம் ஒரு மயிலிடம் உதவி டைரக்டராக இருந்தார். மயில் எடுத்ததெல்லாம் மழைப்பாட்டு. நனைந்து நனைந்து இவருக்குச் செதிலில் பாசி பிடித்ததுதான் மிச்சம். ஆளை விடுங்கடா சாமி என்று வெளியே வந்தவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பிறந்ததிலிருந்து இந்தக் காடு அவரைப் பயமுறுத்தியிருக்கிறது. ஒரே ஒரு தடவை அவர் இந்தக் காட்டைப் பயமுறுத்த வேண்டும். அதற்குப் பேய்ப்படம்தான் வழி.

மாமனாருக்கு இது ஆகவில்லை. "ஆடி பொறக்கறதுக்குள்ள பூஜை போடலைன்னா, மாப்ள, பேசாம வந்து நம்ம கரையான் புத்துக்குக் காவல் இருங்க" என்று கெடு வைத்துவிட்டார். காவல் வேலைகூடப் பரவாயில்லை. பகல் முழுக்க மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கல்யாணப் பந்தியில் ரசம் பத்தாமல் போன கதையை முதலிலிருந்து சொல்லுவார். அதை நினைத்தாலே சுருளாண்டிக்கு முதுகு வளைந்துவிடும்.

கதை பிடிப்பது கஷ்டமாக இல்லை. பயந்தே வாழ்ந்தவருக்குப் பேய்க்கதைக்கா பஞ்சம்? விளக்குக்குத்தான் பஞ்சம். மின்மினிகள், ஒன்பது மணிக்கு மேல் எரிய மாட்டோம் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருந்தன. அதனாலென்ன, உச்சிவெயிலில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று பெரியவர்கள் சொல்வதில்லையா? நம்ம பேய் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வரட்டும் என்று முடிவு பண்ணிவிட்டார்.

சினிமாக்காரர்கள் வழக்கம் ஒன்று உண்டு. கதையை எழுதிக் கொடுத்தால் எவனும் படிக்க மாட்டான். எதிரே உட்கார்ந்து, கையைக் காலை ஆட்டி, பின்னணி இசையையும் வாயாலேயே போட்டுச் சொல்ல வேண்டும். சுருளாண்டி போய் உட்கார்ந்தது தேன் வியாபாரி கரடி காசிலிங்கம் முன்னால்.

"புதுசா கல்யாணம் ஆன முயல் பொண்ணுங்க மொதலாளி. புளியமரப் பொந்துல வாடகைக்கு வர்றா. உச்சிவெயில். காக்கா கூட கத்தலை. பாத்தா, பொந்துக்குள்ள இன்னொரு பொந்து! உள்ளேருந்து 'சர்ரு... சர்ரு'ன்னு சத்தம். முயல் பொண்ணு மெதுவா எட்டிப் பாக்கறா. அங்கே..."

"அங்கே?" என்றார் கரடி.

எதிரே ஒரு பந்துதான் கிடந்தது. கரடி தட்டிப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு மெல்ல மயிர் சிலிர்த்தது. "அடேயப்பா! சொல்றவனுக்கே இந்தக் கதின்னா, பாக்கறவன் என்னாவான்?" என்று எழுந்துவிட்டார். "தம்பி, உள்ள கேக்குதா? படத்த நாம பண்றோம். முடிவ மட்டும் என்கிட்ட சொல்லிராத. வீட்ல குட்டிக இருக்கு. ஆடிக்கு மொத நாள் பூஜை. அதுக்குள்ள பேய் வேஷத்துக்கு ஆளப் பிடி. பேய் கிடைக்கலைன்னா படமும் கிடையாது!"

முடிவே கேட்க முடியாத கதை என்று காடெல்லாம் பேச்சாகிவிட்டது. பேய் வேஷத்துக்கு ஓடையிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் வரிசை. இடம் பிடிக்கக் கல்லை வைத்துவிட்டுக் குளிக்கப் போனவர்களும் உண்டு. புளியமரத்தடியில் இருந்த கரடி ஆபீசில் விண்ணப்பம் அச்சடித்திருந்தார்கள். பெயர், இனம், வால் உண்டா இல்லையா, பேயாக முன்னனுபவம் உண்டா, உண்டென்றால் இறப்புச் சான்றிதழின் நகல் மூன்றில் விண்ணப்பதாரரே நேரில் வந்து கையெழுத்திடவும்.

முதலில் வந்தது ஆந்தை. "முப்பது வருஷமா மரத்துல உக்காந்து அலர்ற வேஷந்தான் சார். இதிலயாவது கதாநாயகியோட சித்தப்பா வேஷம் குடுங்க" என்று கண்ணைக் கசக்கியது. கழுதைப்புலி தன் நடிப்புக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தது. தலைகீழாகத் தொங்கினால்தான் வசனம் வரும் என்றது வௌவால், கையில் செல்போனை வைத்துக்கொண்டு.

சுருளாண்டி ஒவ்வொருவரையும் பார்த்து, "நல்லாருக்கு. ஆனா இது இல்ல" என்றே அனுப்பினார். "ஆஹா, என்ன தெளிவு!" என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

கெடு முடிய ஒரு நாள்தான் இருந்தது. மனைவி வேலம்மாள் அவரைத் தனியாக இழுத்துப் போனாள். "ஏங்க, இது இல்ல, அது இல்லங்கறீங்க. எதுன்னு எங்கிட்டயாவது சொல்லுங்களேன்."

சுருளாண்டி மண்ணைப் பார்த்தார். "எனக்கே தெரியாது வேலம்மா. அந்த எடம் வந்ததும் நாந்தான் சுருண்டுர்றேனே! உள்ள என்ன இருக்குன்னு நான் ஒரு நாளும் பாத்ததே இல்ல."

"அடப் பாவி மனுஷா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவ்வளவு கோபம், மனுஷன் என்றுகூடத் திட்டிவிட்டாள். "நாளைக்கு எங்கப்பா வந்து நிப்பாரு. போயி எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்லிருங்க. ரசம் கதைய கேட்டுத்தான் ஆகணும்னு தலையெழுத்திருந்தா கேப்போம்."

திரும்பி வந்தால், முயல் வேஷத்துக்குப் பவுனுத்தாய் என்ற முயல் வந்து உட்கார்ந்திருந்தாள். நாய், நரி, பருந்து எல்லாம் துரத்தித் துரத்தி அவளிடம் இருந்த பயமெல்லாம் சின்ன வயசிலேயே செலவாகிவிட்டது. கதையைக் கேட்டாள். 'அங்கே' என்ற இடம் வந்தது.

"அங்கே என்ன சார் இருக்கு? அது தெரியாம நான் மூஞ்சிய எப்படி வச்சுக்கறது?"

இத்தனை நாளில் வேலம்மாளைத் தவிர யாரும் இப்படிக் கேட்டதில்லை. சொல்லிவிடலாம் என்று சுருளாண்டி வாயைத் திறந்தார். கரடியைப் பார்த்தார், மாமனாரை நினைத்தார், சுருண்டுவிட்டார்.

வழக்கம்போல எல்லாரும் எழுந்தார்கள். பவுனுத்தாய் எழவில்லை. "அவரு சொல்லட்டும். நான் இருக்கேன்" என்று ஒரு அருகம்புல்லை வாயில் வைத்துக்கொண்டாள். அழுங்கு சுருள்வதைக் காடே பார்த்திருக்கிறது. விரிவதை உட்கார்ந்து பார்க்க யாருக்குப் பொழுதிருக்கிறது? இன்று அவளுக்காகக் கரடி உட்கார்ந்தார். வரிசையும் உட்கார்ந்தது.

உச்சிவெயில் வந்தது. காக்கா கூட கத்தவில்லை.

உள்ளே இருட்டில் சுருளாண்டி தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தார். 'தெரியாது' என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் போதும், அப்புறம் புற்றுக்குப் போய்விடலாம். பாவம், அழுகையே வந்துவிட்டது அவருக்கு. மூச்சை இழுத்துக்கொண்டு மெல்ல விரிய ஆரம்பித்தார்.

சர்ரு... சர்ரு...

செதிலோடு செதில் உரசியது. பந்தில் ஒரு கீறல் விழுந்தது. கீறலுக்குள்ளிருந்து கூரான மூக்கு ஒன்று வந்தது. பயத்தில் வறண்ட உதட்டை நனைக்க, ஒரு முழ நீளத்துக்கு நாக்கு வெளியே வந்து நெளிந்தது.

"யாத்தே!" பவுனுத்தாய் குதித்த குதியில் புல் தொண்டைக்குள் போய்விட்டது. கரடி புளியமர உச்சியில் இருந்தார், ஏறினதை யாரும் பார்க்கவில்லை. முப்பது வருஷமாக அலறிய ஆந்தை அன்றைக்குத்தான் நிஜமாக அலறியது. வரிசை இருந்த இடத்தில் கல்தான் இருந்தது.

சுருளாண்டி திரும்பித் தன் பின்னால் பார்த்தார். "என்ன வந்துச்சு? எங்க?" என்று நடுங்கினார்.

"இதுக்குத்தானா வந்தவனையெல்லாம் இது இல்ல, இது இல்லன்னு அனுப்புன!" கரடி மரத்தின் மேலிருந்து கத்தினார். "பேயையே கைல வச்சுக்கிட்டு! நீதான்யா பேய்!"

"இல்லீங்க மொதலாளி, நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"சொல்லாத! சொன்னா கெட்டுப்போயிரும்!"

பவுனுத்தாய் இருமிக்கொண்டே விண்ணப்பத்தில் கால் ரேகை வைத்தாள். வௌவால் செல்போனைத் தலைகீழாக நீட்டியது. "எல்லாம் பிடிச்சுட்டேன் சார். பாருங்க, என்னமா பண்ணிருக்கீங்க!"

சுருளாண்டி எட்டிப் பார்த்தார். சர்ரு... சர்ரு... கீறல், மூக்கு, நாக்கு. "அய்யோ!" என்றார். சுருண்டார்.

மறுநாள் பூஜை நடக்கும்போதும் விரியவில்லை. மாலை போட்டார்கள், பொட்டு வைத்தார்கள். திருஷ்டிப் பூசணி என்று நினைத்துக் கழுதைப்புலி தூக்கி உடைக்கப் போனதை வேலம்மாள்தான் ஓடிவந்து தடுத்தாள். மாமனார் வந்து, "மாப்ள, கெளம்பலாமா?" என்று தட்டினார்.

"சத்தம் போடாதீங்க பெரியவரே" என்று கரடி அவர் வாயைப் பொத்தினார். "டைரக்டர் ரெண்டாம் பாகம் யோசிக்கறாரு."

மாமனார் சட்டென்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். வேலம்மாள் வாயே திறக்கவில்லை. ரசம் கதையை அவள் பிறந்ததிலிருந்து கேட்டவள்.

நீதி: முடிவு தெரியாமல் முடங்கிக் கிடப்பவன் சோம்பேறி, பக்கத்தில் முதல் போட ஒருத்தர் நின்றால் மேதை.