தெருவுக்கு வைத்த பரீட்சை

"இவர் யாரும்மா உனக்கு?"

குடையோடு வந்த அம்மாள் குனிந்து கேட்டார். ஆறு வயது மகள் பக்கத்தில் நின்ற அப்பாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டு, வீட்டில் சொல்லிக் கொடுத்ததைத் தப்பில்லாமல் ஒப்பித்தாள்.

"எதுவும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

அப்பாவான பேக்கிங் மாஸ்டர் அவசரமாக ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தார்.

அவர் ஒன்றும் கெட்டவர் அல்ல. வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சாமான் கட்டும் பிரிவுக்குத் தலைவர். கண்ணாடி அலமாரியை மூன்றாவது மாடியிலிருந்து கீறல் விழாமல் இறக்குகிறவர். கடலோர நகரத்தில் கம்பெனி ஒரு கிளை திறந்தபோது, அதைக் கட்டி மேய்க்க முதலாளி கைகாட்டியது இவரைத்தான். அன்றைக்கு வீட்டுக்குள் நுழையும்போதே மாஸ்டரின் மார்பு சட்டைக்குள் அடங்கவில்லை.

பெருமையெல்லாம் மனைவி வாயைத் திறக்கும் வரைக்கும்தான்.

"இடம் யாரு பார்க்கிறது?"

"நான்தான். ஊருக்கே வீடு மாத்திக் குடுக்கிறவன், எனக்கு ஒரு வீடு பார்த்துக்க மாட்டேனா?"

"இந்த வீடும் நீங்க பார்த்ததுதான். கீழ அச்சகம். மெஷின் ஓடுனா கட்டில் தானா நடக்குது."

"இதுக்கு முன்னாடி பார்த்தது காத்தோட்டமா இருந்துச்சுல்ல?"

"பாதிக் கூரை இல்லாத வீடு காத்தோட்டமாத்தாங்க இருக்கும்."

மாஸ்டர் பேச்சை மாற்றப் பார்த்தார். அவள் விடுவதாக இல்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள, பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பான ஏரியாவா ஒண்ணு முடிவு பண்ணுங்க. இல்லேன்னா நீங்க மட்டும் போங்க. நாங்க அடுத்த பள்ளிக்கூட வருஷம் வர்றோம்."

அதுதான் அவரைக் குத்தியது. மூன்று வயது மகன் தினமும் அப்பாவின் வயிற்றில் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவான். அந்தக் கால் இல்லாமல் ஒரு வருஷமா? 

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. மனைவிக்கு மருந்துக்கடையில் டூட்டி. மாஸ்டர் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கடலோர நகரத்துக்குக் கிளம்பினார். முதலில் பார்த்த இடத்தில் வாசலைத் திறந்தால் கடல். சின்னவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அலையை நோக்கி ஓட, மாஸ்டர் பின்னாலேயே ஓடி முழங்கால் வரை நனைந்து தூக்கி வந்தார். அடுத்த இடத்தில் பூங்கா இருந்தது. ஆனால் உப்புக் காற்று ஊஞ்சல் சங்கிலியைத் தின்று தீர்த்து, பலகை மட்டும் தரையில் கிடந்தது.

மிச்சமிருந்தது இந்த இடம் ஒன்றுதான். கடல் இரண்டு தெரு தள்ளி, சத்தம் மட்டும் கேட்டது. சாயங்காலம் வந்து வீட்டைத் திறந்து காட்டுவதாகப் புரோக்கர் சொல்லியிருந்தார்.

ஆனால் மாஸ்டர் புரோக்கரை நம்புகிற ஆளா? "வீடு பார்க்க வந்திருக்கோம்னு தெரிஞ்சா தெருவே தேனா பேசும். யாருக்கும் தெரியாம முன்னாடியே போய் நின்னு பார்க்கணும். அப்பதான் வண்டவாளம் தெரியும்" என்பது அவர் கட்சி. பிள்ளைகளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது."

அதைத்தான் பெரியவள் அட்சரம் பிசகாமல் செய்துகொண்டிருந்தாள்.

"என் பொண்ணுதாங்க இது" என்றார் மாஸ்டர்.

"அதை அவ சொல்லட்டும்" என்ற குடைக்கார அம்மாள், சின்னவன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. இங்க எதுக்கு வந்தே?"

சின்னவன் விரலை வாயிலிருந்து எடுத்தான். "பிஸ்கட் தர்றேன்னு கூட்டிட்டு வந்தார்."

பொய் இல்லை. காலையில் அவனைக் கட்டிலிலிருந்து கிளப்பப் பிஸ்கட்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும் குடை மடங்கியது. அம்மாள் அதைக் கம்பு மாதிரி பிடித்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டார்.

"சார், கொஞ்சம் இங்க வாங்க!"

தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் வேகமாக வந்தார். அவர் பின்னால் ஒரு கணவன் மனைவி. தோளில் கைக்குழந்தையைத் தூங்கப் போட்டிருந்த ஓர் இளைஞனும் ஓரமாக வந்து நின்றான். மாஸ்டர் கண்ணை மூடித் திறப்பதற்குள் வட்டமாகச் சூழ்ந்துவிட்டார்கள்.

"எவ்வளவு நேரமா இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார் தொப்பிக்காரர்.

"இப்பதாங்க... சும்மா... காத்து வாங்கலாம்னு."

"காத்து வாங்க வந்தவர் ஏன் ஒவ்வொரு வீட்டு கேட்டையும் போட்டோ எடுத்தீங்க? நான் அப்பலேருந்து பார்த்துட்டுதான் இருக்கேன்."

மாஸ்டர் அவசரமாகப் போனை எடுத்தார். "பிள்ளைங்க படம் இருக்குங்க, காட்டுறேன் பாருங்க." விரலால் தள்ளினார். ஒரு கேட் வந்தது. இன்னொரு கேட். ஒரு பூட்டு. பள்ளிக்கூட வாசல். பள்ளிக்கூடத்தின் பின்வாசல். அதற்கடுத்து ஒரு வீட்டு ஜன்னல் கம்பி, மிகக் கிட்டத்தில்.

"ஐயையோ!" என்றாள் அந்தக் கணவனின் மனைவி.

"துரு ஏறியிருக்கான்னு பார்க்க எடுத்தேங்க!"

"எதுக்கு? உடைக்கச் சுலபமா இருக்குமான்னா?" என்றார் தொப்பிக்காரர்.

"இப்படி ஆளுங்க நடமாடுற ஏரியாவுல பிள்ளைகுட்டியை வச்சுக்கிட்டு எப்படிங்க இருக்கிறது?" என்று கணவனிடம் முறையிட்டாள் அவள். அவன் யோசனையோடு தலையாட்டினான்.

மாஸ்டருக்கு ஒரே வழிதான் தோன்றியது. மனைவியைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை உயரப் பிடித்தார். இனி நிமிஷத்தில் விவகாரம் முடிந்துவிடும் என்று நினைத்து ஒரு சிரிப்புகூடச் சிரித்தார்.

"கடையில கூட்டம், சீக்கிரம் சொல்லுங்க" என்றது மனைவியின் குரல். "முடிச்சாச்சா இல்லையா?"

"அதில்லம்மா, இங்க நாலு பேரு..."

"எந்தக் கதையும் வேண்டாம். நான் சொன்னது சொன்னதுதான். இன்னிக்குள்ள முடிக்கலேன்னா, பிள்ளைங்களை எங்கிட்ட ஒப்படைச்சிட்டு எங்க வேணாலும் போய்க்குங்க!"

அவள் போனை வைத்துவிட்டாள். 

"பாவம், பெத்த வயிறு எப்படித் துடிக்குது பாருங்க" என்றார் குடைக்கார அம்மாள்.

தொப்பிக்காரர் மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்தார். "போலீஸுக்குப் போன் பண்ணுங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

அவ்வளவுதான். சின்னவன் வீறிட்டுக்கொண்டு பாய்ந்தான். தொப்பிக்காரரின் கையை எட்ட முடியாமல் அவர் முழங்காலைக் கடித்தான். பெரியவள் இரண்டு கையையும் விரித்து அப்பாவுக்கு முன்னால் நின்றாள். உதடு துடித்தது. கண்ணில் தண்ணீர் நிரம்பியது. ஆனால் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"எங்க அப்பாவை விடுங்க! எங்க அப்பா எவ்வளவு பெரிய ஆள் தெரியுமா? பீரோவையே முதுகுல தூக்குவாங்க! ஒரு கிளாஸ்கூட உடைஞ்சதில்ல! நாங்க எல்லாரும் ஒண்ணா இருக்கத்தான் வீடு பார்க்க வந்திருக்கோம்! தெருவுக்குப் பரீட்சை வைக்கணும், அதனாலதான் சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னாங்க!"

 முதலாளி நாற்பது பேர் நடுவில் கைகொடுத்தபோது கூட மாஸ்டருக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. மணிக்கட்டை உதறி விடுவித்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையில் அள்ளித் தூக்கிக்கொண்டார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. தொப்பிக்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டே பின்வாங்கினார். குடைக்கார அம்மாள் குடையை மறுபடி விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். "வீடு பார்க்கவா? முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று யாரோ அசடு வழிந்தார்கள்.

அப்போதுதான் மாஸ்டரின் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. எத்தனை ஏரியாவில் எத்தனை வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கியிருக்கிறார்! கண்ணெதிரே பீரோ போனாலும் திரும்பிப் பார்க்காத தெருக்களைத்தான் பார்த்திருக்கிறார். இந்தத் தெருவோ, முன்பின் தெரியாத இரண்டு பிள்ளைகளுக்காகக் கூடி நின்று, பெற்ற அப்பனையே பிடித்து வைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் புரோக்கர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "கூட்டமா நிக்கிறீங்களே... யாரு முதல்ல உள்ள பார்க்கிறீங்க?"

"பார்க்கவே வேண்டாம்யா!" மாஸ்டர் முந்திக்கொண்டார். "தெருவைப் பார்த்தாச்சு. வீடு எனக்குத்தான். அட்வான்ஸைப் பிடி, சாவியைக் குடு."

சாவி கைக்கு வந்ததும் மனைவிக்குப் போன் போட்டார்.

"முடிச்சிட்டேன்! பிள்ளைங்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்துலயே கிடையாது. நம்ம பிள்ளைங்களோட நின்னதுக்கு என்னையே சந்தேகப்பட்டு மடக்கிட்டாங்க!"

"உங்களையா?"

"ஆமாம்மா! போலீஸ் வரைக்கும் போயிட்டாங்க! எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?"

 மறுமுனையில் மனைவியின் குரல் இளகியது. "அட, நிஜமாவே நல்லாத்தான் பார்த்திருக்கீங்க. சரி, எல்லாருமே சேர்ந்து போயிடலாம்."

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "இனிமே நாம எல்லாரும் அக்கம் பக்கம். உங்களை நம்பித்தான் என் குடும்பத்தைக் கூட்டிட்டு வர்றேன்."

 எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், அதுவரை வாயே திறக்காமல் கைக்குழந்தையோடு நின்ற இளைஞன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சார், நாங்க எல்லாருமே இந்த வீட்டைப் பார்க்க வந்தவங்கதான்... தெருக்காரங்க ஒருத்தர்கூட இன்னும் வெளியவே வரலையே!"