எல்லாம் தெரிந்த அண்ணன் எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் நலமா என்று கேட்கும் யோக்கியதையை ஏழு வருஷத்துக்கு முன்பே தொலைத்துவிட்டேன். இருந்தாலும் அதைக் கேட்காமல் ஒரு கடிதத்தைத் தொடங்கும் வழி எனக்குப் பழக்கமில்லை. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் பிரித்ததற்கு நன்றி. கிழித்துப் போட்டிருந்தால் இந்த நன்றியை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் வெட்கக்கேடானது. அதனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள். அச்சகத்தில் முப்பத்துநாலு வருஷம் புரூஃப் பார்த்து, அச்சுப்பிழை திருத்தி ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா இருப்பானா? பால் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதையெல்லாம் பேனாவால் திருத்த ஆரம்பித்தேன். உன் அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, நூலகத்து மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் கதை எழுதும் வகுப்பில் என்னைக் கொண்டுபோய்த் தள்ளினாள். மூன்றாவது வாரம் ஆசிரியை சொன்னார்: கதை சொல்பவர்களில் ஒரு ரகம் உண்டு, அவருக்கு எல்லாம் தெரியும். பூட்டிய அறைக்குள் நடப்பது, நாளைக்கு நடக்கப்போவது, எல்லாருடைய மனசிலும் ஓடுவது, எதுவும் தப்பாது. கிட்டத்தட்ட கடவுள் மாதிரி. உடனே எங்கள் வகுப்பில் இருக்கும் பல் மருத்துவர் கையைத் தூக்கி, "நாளைக்கு நான் என்ன செய்வேன்னு கடவுளுக்கு இப்பவே தெரியும்னா, நாளைக்கு அதைச் செய்யறது நானா, அவரா?" என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் அதிலேயே போயிற்று. நான் அதில் கலந்துகொள்ளவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அறுபத்திரண்டு வருஷமாக நான் பார்ப்பது அந்த உத்தியோகம்தானே! "நீ என்ன நினைக்கிறேன்னு எனக்குத் தெரியும்" என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது யாரிடமாவது சொல்கிறவன் நான். கடவுள்கூட யாரிடமும் அப்படிச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எழுதினேன் தம்பி, இரண்டே வாரத்தில் நாற்பத்தோரு பக்கம். நம் குடும்பக் கதைதான், கூடவே அக்கம்பக்கமும். எல்லார் தலைக்குள்ளும் கேட்காமல் கொள்ளாமல் நுழைந்து புறப்பட்டேன். கீழ்த்தளத்துத் தையல்காரர் இரண்டு நாளாக என் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்று கதையில் எழுதியதோடு நிற்காமல், கடைக்கே போய் அவர் தோளில் கைவைத்து, "கவலைப்படாதீங்க, அவங்க திரும்பி வந்துடுவாங்க" என்றேன். அவர் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "யாரு சார்?" என்றார். உள்ளே பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்து வந்து, "ஆமா, யாரு திரும்பி வரப்போறா?" என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கேள்வி அங்கே இன்னும் முடியவில்லை. என் கால்சட்டை ஒன்று அந்தக் கடையில் கிடக்கிறது. போய் வாங்க எனக்கு முகமில்லை.

போன சனிக்கிழமை வகுப்பில் கதையை வாசித்தேன். இருபத்துமூன்றாம் பக்கத்தில் நீ வருகிறாய். ஆஸ்பத்திரியில் அப்பா கடைசி நாட்களில் கிடக்கிறார். மூத்தவன் பக்கத்திலேயே காவல் இருக்கிறான். "இளையவன் வரவே இல்லை. அவன் மனத்தில் ஈரம் என்பது மருந்துக்கும் இல்லை" என்று எழுதியிருந்தேன். வாசித்து முடித்து நிமிர்ந்தால் ஆசிரியை பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார். "சார், உங்க கதைசொல்லி எல்லார் மனசுக்குள்ளயும் போறாரு. அந்த மூத்த மகன் மனசுக்குள்ள மட்டும் ஒரு தடவைகூட எட்டிப் பாக்கலையே, ஏன்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து அண்ணியிடம், "எல்லாம் பொறாமை. அந்தம்மா மனசுல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

அச்சகத்தில் ஒரு விதி உண்டு. தான் எழுதியதற்குத் தானே புரூஃப் பார்க்கக்கூடாது. கண் தனக்கு வேண்டியதைத்தான் படிக்கும். அதனால் கதையை அண்ணியிடம் கொடுத்து, தப்பு இருந்தால் ஓரத்தில் குறித்துவை என்றேன். என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில் அந்த வேலை அவளுக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டு மேஜைமேல் இருந்தது. எங்கள் மகளின் கணவர் வரும் பக்கத்தில், "மாப்பிள்ளை எங்கள் பேச்சை மதிக்காமல் கூரையைப் பார்த்தார்" என்ற வரிக்கு எதிரே, "ஃபேன் ஸ்குரூ கழன்றிருந்தது. இரண்டு தடவை சொன்னார்" என்று எழுதியிருந்தாள். "மூத்தவனைப் பற்றி அவன் மனைவிக்கு எப்போதும் பெருமை" என்பதற்கு எதிரே வெறும் கேள்விக்குறி. சிரித்துக்கொண்டே புரட்டினேன். இருபத்துமூன்றாம் பக்கத்தில் "வரவே இல்லை" என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் ஒரே வார்த்தை எழுதியிருந்தாள்: வந்தார்.

சமையலறைக்கு ஓடி, "என்ன இது?" என்றேன்.

"வந்தாரு. 'வேலைதான் பெருசுன்னா அங்கேயே இரு, இங்க வராதே'ன்னு நீங்க போன்ல கத்தினீங்கல்ல, மறுநாளே வந்துட்டாரு. கீழ வண்டி நிறுத்தற இடத்துல ரெண்டு மணி நேரம் நின்னாரு. மருந்து வாங்கப் போனப்போ பாத்தேன். 'நான் மேல வந்தா அண்ணன் சத்தம் போடுவார், அப்பா காதுல விழும் அண்ணி'ன்னாரு. மத்தியானம் நீங்க பெஞ்சுல தூங்கினதும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். அரை மணி நேரம் மாமா கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. மாமா கண்ணு முழிச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டாரு."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"மூணு தடவை ஆரம்பிச்சேன். மூணு தடவையும் 'நீ என்ன சொல்ல வர்றேன்னு எனக்குத் தெரியும்'னுட்டீங்க."

தம்பி, அப்பா உன்னைக் கூப்பிட்டபோது, எல்லாம் அறிந்த நான் கதவுக்கு இந்தப் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். நீ என்னைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அன்றைக்கு விழித்தபோது, முகத்தில் போட்டபடியே தூங்கிப்போன என் மூக்குக் கண்ணாடி பத்திரமாகச் சட்டைப்பையில் இருந்தது. நர்ஸுக்கு நன்றி சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். அண்ணியைக் கேட்டேன், அவளும் வைக்கவில்லையாம்.

அதற்கப்புறம் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும், உன் காதுபடவே, "பெத்த அப்பாவைக் கடைசியாப் பாக்கக்கூட வரலை" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். குற்றமுள்ள நெஞ்சு என்று அதற்கும் நானே அர்த்தம் போட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னால் என் மானம் போயிருக்கும். நீ சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று. கடவுள் வாயே திறப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்; எல்லாம் தெரிந்தால் அப்படித்தான் இருக்கத் தோன்றும் போலிருக்கிறது. நான் பேசிய பேச்சையெல்லாம் ஒன்றும் தெரியாதவன்தான் பேசுவான். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வீட்டுக்கு வா என்று கூப்பிட ஆசைதான், வாய் வரவில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு என் ஆசிகள். என் ஆசி வேண்டாம் என்றால் அண்ணியின் ஆசி என்று சொல்லிக் கொடு, அதற்கு மதிப்பு அதிகம்.

தலைகுனிந்து,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உன் விலாசத்துக்காகப் பழைய டைரிகளையெல்லாம் குடைந்துவிட்டுக் கடைசியில் அண்ணியைக் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே உன் புது வீட்டு எண், தெரு, மாடி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். நீ வீடு மாறியதே எனக்குத் தெரியாது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "செவ்வாய்க்கிழமை தவறாம போன் பண்றாரே" என்றாள். செவ்வாய்க்கிழமைகளில் அவள் பேசுவது தன் தங்கையுடன் என்று ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "என்ன பேசுவான்?" என்றேன். "என்னத்தப் பேசுவாரு? அண்ணன் ஒழுங்கா மாத்திரை போடறாரான்னு கேப்பாரு. நேத்து, நீங்க அவருக்கு லெட்டர் எழுதறீங்கன்னு சொன்னேன். எப்ப தபால்ல போடுவாருன்னு கேட்டாரு. அப்புறம், அது வந்து சேர்ற வரைக்கும் தாங்காது அண்ணி, ஞாயித்துக்கிழமை நானே வந்துடறேன்னாரு." ஆகவே இதைத் தபாலில் போடவில்லை, கையில் தருகிறேன். படித்துவிட்டு நீ முதலில் பேசு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு, நான் குறுக்கே வரமாட்டேன்.