விசில் டீச்சர் போட்ட நாடகம்

ஆம்பூரில் எங்கள் பள்ளியில் விசில் டீச்சருக்குப் பயப்படாத ஒரே உயிர் சத்துணவுக்கூடத்துப் பூனைதான். அதுவும் விசில் சத்தம் கேட்டால் வரிசையில் வந்து நின்றுவிடும். சேலைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ, கழுத்தில் தாலியோடு சேர்ந்து தொங்கும் விசில். இதுதான் எங்கள் பி.டி. டீச்சர்.

ஆண்டு விழாவுக்கு ஒரு நாவலை நாடகமாக்கினோம். ஒரு பெண் எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரை வளரும் கதை. தமிழ் டீச்சரான நான் வசனம் எழுதினேன். இயக்குவதும் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எச்.எம். அந்த நினைப்பைக் கெடுத்தார்.

"நீங்க சொன்னா பிள்ளைங்க சிரிக்கும். அவங்க ஊதுனா நிக்கும். அவங்களே பார்க்கட்டும்."

விசில் டீச்சர் அதுவரை நாவல் என்று எதையும் படித்ததில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவர், மூன்றாம் நாள் ஸ்டாஃப் ரூமுக்குள் சிவந்த கண்களோடு புயலாக நுழைந்தார்.

"டீச்சர், இந்தப் பொண்ணைப் போட்டு அடிக்கிறானே அவ அப்பன், எந்த ஊரு? நான் அவனைப் பார்க்கணும்."

"அது கற்பனை டீச்சர்."

"கற்பனைன்னா இன்னா? ஊருன்னு ஒண்ணு இருக்குமில்ல?"

அன்றிலிருந்து பள்ளியே அதிர்ந்தது. நாயகி வேஷத்துக்கு எல்லாப் பெண்களும் கை தூக்க, யாரையும் விட மனமில்லாமல் வயதுக்கு ஒருத்தியாக உயரம் பார்த்து நிறுத்தினார். ஒருத்தி போய் அடுத்தவள் வருவது எப்படி? அவருக்குத் தெரிந்த ஒரே வழி கோ-கோ ஆட்டம். மேடையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எட்டு வயதுக்காரி தன் காட்சி முடிந்ததும் அடுத்தவள் முதுகில் தட்டி "கோ!" என்பாள். அடுத்த வயது துள்ளி எழும்.

இதற்கிடையில் பதிமூன்று வயது வேஷம் போட்ட ஷபானா, அரையாண்டு விடுமுறையில் பதினெட்டு வயதுக்காரியை விட உயரமாகிவிட்டாள். "வளராதடின்னு சொன்னா கேக்குறியா? ஒரே பேஜாராப் போச்சு!" என்று அவளை டீச்சர் துரத்தியதை நான் நேரில் பார்த்தேன்.

பிறகு எச்.எம். வசனத்தைப் படித்துவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு வயசுக்கு வர்ற சீன் வேணாம். அப்பா அம்மாங்க முன்னாடி நல்லா இருக்காது."

நான் தலையாட்டிவிட்டேன். விசில் டீச்சர் ஆட்டவில்லை.

"கிரவுண்டுல வயித்து வலின்னு குந்திக்கிற பொண்ணை நான் டீமை விட்டுத் தூக்குறதில்ல மேடம். இதை மட்டும் எப்டி தூக்குறது?"

எச்.எம். விசிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. சுருக்கமா முடிச்சிடுங்க."

விழா அன்று ஷூ கம்பெனி வேலை முடிந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு அம்மாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் "கோ!"வுக்குக் கூட்டம் விழித்தது. மூன்றாவதற்குக் குழந்தைகள் கீழிருந்தே "கோ!" என்று கத்தின. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஷபானாவின் முறை, அந்த வயசுக்கு வரும் காட்சி. பள்ளிப் பையை வயிற்றோடு அணைத்தபடி ஓர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். இப்போது அம்மா வேஷக்காரி வர வேண்டும். அவளோ அவிழ்ந்த சேலையைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தாள். பின்வரிசைப் பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். ஷபானாவின் கண்களில் நிஜமாகவே நீர்.

மேடையோரம் என் பக்கத்தில் நின்றிருந்த விசில் டீச்சர் விறுவிறுவென்று மேடைக்கு நடந்தார். ஒரே ஊதல். பின்வரிசை எழுந்து நின்றது. பிறகு ஷபானா பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இன்னாடி, பயந்துட்டியா?"

"ஆமா டீச்சர்."

"டீச்சர் இல்லடி, அம்மா!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நான் எழுதிய வசனத்தில் ஒரு வார்த்தைகூட அவருக்கு ஞாபகமில்லை.

"எனக்கு வந்தப்ப, செத்துடுவேன்னு நெனச்சி வேர்க்கடலைக் கொல்லையில ஒளிஞ்சிக்கினேன். எனக்கு யாரும் சொல்லல. உனக்கு நான் சொல்றேன். ஒண்ணும் ஆவாது. நாளைக்கு ஸ்கூலுக்குப் போ. வலி ஜாஸ்தியா இருந்தா உட்காரு. கம்மியானா எழுந்து ஓடு."

ஓர் அம்மா கை தட்டினார். அப்புறம் அந்த வரிசை முழுவதும். ஷபானா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அடுத்தவளின் முதுகில் ஓங்கித் தட்டிக் கத்திய "கோ!" கேட்டுக் கூரைப் புறாக்கள் பறந்தன.

திங்கட்கிழமை டீச்சர் என் மேஜைமேல் நாவலைப் பொத்தென்று வைத்தார்.

"பதினெட்டோட முடிச்சிட்டாங்களே, அதுக்கப்புறம் அவளுக்கு இன்னா ஆச்சு?"

"கதை அவ்வளவுதான் டீச்சர்."

அவர் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல், இரண்டாம் பாகம் இருக்கிறது, தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒன்று கிடையாது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்துப் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் பத்தொன்பதாவது வயதை நானே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.