கை நனைக்க வந்தவர்கள்

காவிரிக் கரைக்காரனுக்குத் தண்ணீரை அளந்து செலவழிக்கத் தெரியாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். தப்பு. நான் அளந்திருக்கிறேன். சொட்டுச் சொட்டாக அளந்து, என் தங்கையின் கல்யாணத்தையே காயப் போடப் பார்த்தேன்.

குத்தாலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. ஆவணி மாதத்தில் கரை தளும்பத் தண்ணீர் போகும். ஆனால் அது வயலுக்கு. வீட்டுக்கு போர் தண்ணீர்தான். போருக்கு மோட்டார், மோட்டாருக்குக் கரண்டு, கரண்டுக்கு பில். அந்த பில்லில் ஒரு சூட்சுமம் உண்டு. யூனிட் ஒரு படி ஏறினால் தொகை இரண்டு படி ஏறும். (ஏறின தொகை தானாக இறங்கி நான் பார்த்ததில்லை.)

அப்பா போன பிறகு வீட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பொறுப்பில் பெரியது தங்கை மலர். வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். என் சம்பளத்தில் நகை சேர்ப்பது நடக்கிற காரியமில்லை என்பதால் வேறெங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மோட்டார் கண்ணில் பட்டது. "ஒவ்வொரு சொட்டும் ஒரு குண்டுமணித் தங்கம்" என்று அட்டையில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். எழுத்து நனைந்துவிடாமல் இருக்க பிளாஸ்டிக் உறை வேறு போட்டேன். (நனைகிற அளவுக்கு அங்கே தண்ணீர் வந்தால்தானே.)

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். விவசாயக் கருவிகள் விற்கிற கடையில் எனக்கு வேலை. சொட்டு நீர்ப் பாசனப் பிரிவு என் பொறுப்பு. நெல்லுக்கு வயல் நிறையத் தண்ணீர் கட்டுகிற ஊரில் சொட்டு நீர்க் குழாயை யார் வாங்குவார்கள்? வருகிற விவசாயி அந்தக் குழாயை ஒரு பார்வை பார்ப்பார், என்னை ஒரு பார்வை பார்ப்பார், மண்வெட்டிக்குப் பிடி வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஊரில் ஒருவரும் மதிக்காத என் வித்தையையெல்லாம் கடைசியில் வீட்டில் இறக்கினேன்.

பல் தேய்க்க ஒரு டம்ளர். குளிக்க ஒரு வாளி. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக் கன்றுக்கு. வாஷிங் மெஷின் கடைசியாக விடுகிற தண்ணீர் கக்கூஸுக்கு. அதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நியாயமான யோசனைகள்தான், நானும் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கூடத்து வாஷ்பேசின் குழாயின் வாயில், தென்னங்கன்றுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடப் பொருத்துகிற சொட்டுவானைக் கொண்டுவந்து பொருத்தினேன். அதில் கை கழுவ வெகுநேரம் நிற்க வேண்டும். "கை கழுவப் போனவ கந்தர் சஷ்டி கவசமே முடிச்சிட்டு வந்துட்டேன்" என்று அம்மா சொன்னாள்.

நான் வேலைக்குப் போன பிறகு அம்மாவும் மலரும் என் மனைவி சாந்தியும் கூட்டுச் சேர்ந்து மோட்டாரைப் போடுகிறார்கள் என்று தெரிந்ததும், மோட்டார் சுவிட்சுக்கு இரும்புப் பெட்டி அடித்துப் பூட்டும் போட்டேன். சாவி என் சட்டைப் பையில். தினம் காலையில் நானே திறந்து, நானே போட்டு, நானே நிறுத்துவேன்.

"இவன் மடையைப் பூட்டி வெச்சிக்கிற பெரிய பண்ணை" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

இந்த நிலைமையில்தான் மன்னார்குடி வரன் கூடிவந்தது. பையன் பெயர் செந்தில். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், "ஆவணி மொத ஞாயித்துக்கெழம கை நனைக்க வர்றோம்" என்று போனில் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சம்மதம் இல்லாத வீட்டில் காபியோடு எழுந்துவிடுவார்கள். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி, அதற்கு மேல் பேச்சில்லை.

அம்மாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பயம். இதற்கு முன்னால் ஒரு வரன் வீட்டார் கை நனைக்கிற நாள்வரைக்கும் வந்து, போட்ட இலையின் முன் உட்காராமல் எழுந்து போயிருந்தார்கள். காரணம் கடைசிவரை சொல்லவில்லை. அன்றைக்குப் பரிமாறின இலைகளை அம்மாதான் தன் கையால் எடுத்து மாட்டுக்குப் போட்டாள். மலர் பாத்திரம் தேய்த்தாள்.

ஞாயிறு காலையில் பெரிய மனது பண்ணி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே டேங்கில் ஏற்றிவிட்டு வாழை இலை வாங்கப் போனேன். நான் போன பிறகு மூன்று பெண்களும் வீட்டை வாசலிலிருந்து கொல்லைவரை கழுவித் தள்ளியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. கூடத்துக் கொடியில் கிடந்த துணிகளையெல்லாம் சாந்தி வாரிச் சுருட்டி இஸ்திரிக்காரரிடம் கொடுத்துவிட்டதும், அதில் சாவி இருந்த சட்டையும் போனதும் எனக்குத் தெரியாது. (அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் சிக்கனத்தில் எங்கள் வீட்டில் துவைத்த சட்டையும் துவைக்காத சட்டையும் ஒரே மாதிரி இருந்தன.)

வந்தார்கள். செந்தில், அவர் அம்மா, பெரியப்பா, பின்னால் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள். பேச்செல்லாம் சுமுகம். இலை போட்டாயிற்று. சாம்பார் வாசனை கூடத்தை நிறைத்தது. பெரியப்பாதான் முதலில் எழுந்தார். கனத்த சரீரம், கணீர்க் குரல், அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். வாஷ்பேசினுக்குப் போய்க் குழாயைத் திருகினார்.

ஒரு சொட்டு வந்தது.

கையை ஏந்திக்கொண்டு நின்றார். இன்னொரு சொட்டு வந்தது. பிறகு அதுவும் நின்றது.

"என்ன தம்பி, கொழா அழுது முடிச்சிட்டுது?"

"இதோ, ஒரு நிமிஷங்க" என்று மோட்டார் பெட்டிக்கு ஓடினேன். சட்டைப் பையைத் தடவினேன். புதுச் சட்டை. "சாந்தி, என் சாம்பல் கலர் சட்டை எங்க?"

"இஸ்திரிக்குக் குடுத்துட்டேன். ஏங்க?"

இஸ்திரிக்காரர் மூட்டையோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். போன் போட்டேன், எடுக்கவில்லை. அம்மிக் குழவியைத் தூக்கிப் பூட்டின் மேல் போட்டேன். பூட்டு எங்கள் கடைச் சரக்கு. "உடையவே உடையாதுங்க" என்று சொல்லித்தான் விற்பேன். நான் சொல்லி விற்றதில் ஒன்றாவது உண்மை என்று அன்றைக்குத் தெரிந்தது.

திரும்பிக் கூடத்துக்கு வந்தபோது பெரியப்பா அதே இடத்தில் காய்ந்த கையோடு நின்றிருந்தார்.

"கை நனைக்கலாம்னு அம்மாந் தூரத்துலேருந்து வந்தோம்" என்றார். "நனைய மாட்டேங்குதே."

விளையாட்டாகச் சொன்னாரா, சகுனமாகச் சொன்னாரா தெரியவில்லை. அம்மா சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு போட்ட இலைகளைப் பார்த்தாள். மறுபடியும் மாட்டுக்குத்தானா என்று அவள் முகம் கேட்டது. வாய்க்கால் நிறையக் காவிரி ஓடுகிறது, என் வீட்டில் ஒரு கை நனைக்கத் தண்ணீர் இல்லை. மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அறைக்குள்ளிருந்து மலர் வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, இடுப்பில் குடம்.

"அண்ணா, நகரு."

யார் என்ன சொல்வார்கள் என்று பார்க்காமல் வாசலைத் தாண்டி எதிரே இருக்கும் தெரு அடிபம்புக்குப் போனாள். நிச்சயம் ஆகப்போகிற பெண், அத்தனை பேர் பார்க்க, பட்டுப்புடவையில் தண்ணீர் அடிக்கிறாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதற்குள் செந்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

"நீங்க கொடத்தப் புடிங்க, நான் அடிக்கிறேன்" என்றது எங்களுக்குக் கேட்டது. அப்புறம் மலர்தான் ஏதோ பேசினாள். அது கேட்கவில்லை. அவர் அடிப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு மறுபடி அடித்தார். வீடே வாசலுக்கு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

குடம் நிறைந்தது. அவர் நிறுத்தவில்லை. அவள் நிறுத்தச் சொல்லவில்லை. தண்ணீர் குடத்தின் வாயைத் தாண்டி, புடவைக் கரையில் பட்டுத் தெருவில் ஓடியது. இதைப் பார்த்து ஒரு அண்ணன் என்ன செய்ய வேண்டும்? மனம் குளிர வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"மலரு! தண்ணி வழியுது பாரு!"

செந்திலின் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெரியப்பா தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

மலர் குடத்தை வாசலில் வைத்துச் சொம்பில் மொண்டு ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினாள். "ஊத்தும்மா, ஒங்கண்ணன் பாக்கறதுக்குள்ள நெறைய ஊத்து" என்றார் செந்திலின் அம்மா. எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெரியப்பா முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்ததைப் பார்த்த பிறகுதான் அம்மா நிலைப்படியை விட்டாள்.

அடிபம்படியில் மலர் என்ன சொன்னாள் என்பதை ரொம்ப நாள் கழித்து செந்தில்தான் என்னிடம் சொன்னார். "எங்கண்ணன் எனக்காகத்தான் இப்படிக் கெடந்து அல்லாடுது. அதப் பாத்து நீங்க எளப்பமா நெனச்சீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, கொடத்த வெச்சிட்டு உள்ள போயிடுறேன்" என்றாளாம். "அப்பவே முடிவு பண்ணிட்டேன் மச்சான்" என்றார். நான் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன்.

கல்யாணத்தில் தாரை வார்க்க அப்பா இல்லை. அந்த இடத்தில் நானும் சாந்தியும் நின்றோம். மலரின் கையைச் செந்திலின் கையில் வைத்து, அதன் மேல் சொம்பிலிருந்து தண்ணீர் வார்க்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது. அதற்கு மேல் ஊற்றிவிட்டால் அவள் அந்த வீட்டுப் பெண்ணாகிவிடுவாள் என்று சொம்பு சாயவே மறுத்தது.

முன்வரிசையிலிருந்து பெரியப்பாவின் குரல் கணீரென்று வந்தது.

"தம்பி, இங்க சொட்டு நீர்ப் பாசனம் வேணாம்! மடையத் தொறங்க!"

மண்டபமே சிரித்தது. மலரும் சிரித்தாள், அழுதுகொண்டே. நான் சொம்பைக் கவிழ்த்தேன். செந்திலின் வேட்டி, ஐயரின் பஞ்சாங்கம் எல்லாம் நனைந்தன.

அவள் போன பிறகு வந்த முதல் கரண்டு பில், நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்ட மாதிரியே ஒரு படி இறங்கியிருந்தது. ஒரு ஆள் குறைந்தால் அவ்வளவு தண்ணீர் குறையும் போல. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே வாஷ்பேசினிலிருந்து சொட்டுவானைக் கழற்றினேன். டம்ளரும் வாளியும் இன்றும் இருக்கின்றன, பூட்டு இல்லை.

இப்போது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மன்னார்குடியிலிருந்து வருவார்கள். செந்தில் செருப்பைக் கழற்றும்போதே, "மச்சான், மட தொறந்திருக்கா?" என்பார். மலர் நேரே கொல்லைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்து, வாளியை வேண்டுமென்றே நிரம்பி வழிய விட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவாள்.

"அண்ணா! தண்ணி வழியுது பாரு!"

"வழியட்டும்மா" என்று சொல்லிவிட்டு, நான் மோட்டாரைப் போடப் போவேன்.