எர்னஸ்ட் ஏற்றிய புது டாஸ்

இடமில்லை என்றது கம்ப்யூட்டர். புது டாஸை வைத்துக்கொள்ளத் தன்னிடம் இடமே இல்லையாம். எர்னஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அப்போதும் இடமில்லை.

டாஸ் என்பது கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிற புரோகிராம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினால் பெட்டி குதிரையாய் ஓடும் என்று மெட்ராஸிலிருந்து மைத்துனன் ஜெயச்சந்திரன் ஃப்ளாப்பித் தகடு அனுப்பியிருந்தான். 1989-இல் சித்தூரில் வீட்டிலே கம்ப்யூட்டர் வைத்திருப்பது தான் ஒருவர்தான் என்பது எர்னஸ்டின் எண்ணம். மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருப்பவருக்கு வேறு பெருமை ஏது?

கம்ப்யூட்டரை அவர் வாங்கியது மனைவி லோயிஸுக்காக. அவர்கள் சர்ச் சபையின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்குச் சபைச் சரித்திரத்தைத் தமிழில் எழுதும் பொறுப்பு அவளுடையது. கிழவர் கிழவிகள் வீடுகளுக்கெல்லாம் அலைந்து, கேட்டு விசாரித்து, ஆறு மாதமாக அதே வேலை. அந்தப் பெட்டி எந்த மொழியானாலும் அடிக்கும் என்று மைத்துனன் சொல்லியிருந்தான். அவர் வேலை விட்டு வரும்போது உள்ளே அவள் டக் டக் என்று தட்டுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டாலே எர்னஸ்டுக்கு அலுப்புத் தீர்ந்துவிடும். எட்டிப் பார்த்தால் மட்டும் அவள் விடமாட்டாள். முடியும் முன்னே பார்க்கக் கூடாதாம்.

லோயிஸ் திருப்பதியில் தங்கை தபீதாள் வீட்டுக்குப் போன சமயம், அவள் திரும்பி வந்து அசந்து போகட்டும் என்றுதான் எர்னஸ்ட் இதில் இறங்கினார்.

இடமில்லை என்ற பெட்டியை அணைத்து மறுபடி போட்டார். இப்போது அது எழுந்திருக்கவே மறுத்தது. மைத்துனனுக்குப் போன் போட எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார்.

“பயப்படாதீங்க மாமா. ஃப்ளாப்பியப் போட்டு ஃபார்மேட்னு அடிங்க. அது என்ன கேட்டாலும் ஆமாம்னு ஒய் குடுங்க,” என்றான் ஜெயச்சந்திரன்.

உள்ளே இருக்கிற சமாசாரம் என்ன ஆகும் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

அடித்தார். உள்ளே உள்ள அனைத்தும் அழிந்துபோகும், தொடரலாமா என்று பெட்டியே மரியாதையாகக் கேட்டது. எர்னஸ்ட் சொன்ன சொல் தட்டாதவர். ஒய் கொடுத்தார்.

பெட்டி அருமையாக எழுந்தது. குதிரையாகவே ஓடியது. உள்ளேதான், சுண்ணாம்படிக்க ஒழித்துப்போட்ட வீடு மாதிரி, ஒன்றுமே இல்லை.

எர்னஸ்ட் உட்கார்ந்து அழுதார். லோயிஸ் திட்டுவாள் என்ற பயம் அல்ல. அவள் திட்டவே மாட்டாள், அதுதான் தாங்க முடியாதது.

மனசு கேட்காமல் போதகர் சுந்தர்சிங்கிடம் போய், வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். போதகர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று மாலை ஜெபக்கூட்டத்தில் பெயரே சொல்லவில்லை. நம் சபைச் சரித்திரத்தை எழுதிய சகோதரியின் உழைப்பு, அவருடைய கணவரின் கையாலேயே அழிந்துபோனதற்காக ஜெபிப்போம் என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சபையைச் சேர்ந்த ஞானசௌந்தரி அம்மாள் துக்க வீட்டுக்குக் கொண்டுவருவது போல ரசம் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே இன்னும் மூன்று வீட்டிலிருந்து ரசம் வந்தது. ஊரில் விஷயம் தெரியாதவள் லோயிஸ் ஒருத்திதான். சாயந்திர பஸ்ஸில் அவளும் வந்துவிடுவாள்.

ஒரே வழிதான் தெரிந்தது. அந்தச் சரித்திரம் விழா மலராக அச்சாக வேண்டிய பிரஸ்ஸில் மெஷின் பழுது என்று சொல்லச் சொன்னால், விழா தள்ளிப்போகும், அவள் மறுபடி எழுத அவகாசம் கிடைக்கும். வாழ்நாளில் பொய் சொல்லாத மனிதர், பொய்யை இன்னொருவர் வாயில் வைக்கத் துணிந்து பிரஸ்ஸுக்குப் போனார்.

பிரஸ் நடத்தும் ரங்கையா கையில் மையோடு நின்றிருந்தார். எர்னஸ்ட் முதலிலிருந்து கடைசிவரை சொல்லி, தலையைக் குனிந்துகொண்டு உதவி கேட்டார்.

ரங்கையா கையைத் துடைத்துக்கொண்டு, மூலையில் இருந்த கட்டை அவிழ்த்து, ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். சபைச் சரித்திரம். அட்டையெல்லாம் ஒட்டி, முழுசாக முடிந்திருந்தது.

எர்னஸ்ட் பக்கங்களைப் புரட்டினார். “அழியறதுக்கு முன்னாடியே பொட்டியிலருந்து எடுத்துக் குடுத்துட்டாளா, ரங்கையா?”

“அந்தப் பொட்டிக்குத் தமிழே வராதாமே சார். அம்மா தெனம் இங்க குந்திக்கினு வாயால சொல்லச் சொல்ல நான்தான் அச்சு கோத்தேன். நீங்க வேல வுட்டு வர்ற நேரமானா மட்டும், ‘ஆசையா வாங்கிக் குடுத்த மனுசன், நான் போய்க் கொஞ்ச நேரம் அதத் தட்டிக்கினு இருக்கணும்’னு எழுந்து போயிடுவாங்க.”